காற்றுப் படாத அறை

மே மாதம் ஆறாம் நாள், வியாழக்கிழமை. பொழுது புலர்ந்து சற்றுநேரமே ஆகியிருந்தபோதும் வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று அறவே இல்லை. எதிர்ப்புறத்து மரத்தின் இலைகள் எழுதிவைத்த படம்போல் அசையாது நின்றன. பிற்பகலில் வெப்பம் மேலும் கூடும் என்றும், ஆகவே பொதுமக்கள் வெளியே நடமாடலாகாது என்றும் வானொலி அறிவித்தது. ரொட்டி, மருந்து போன்ற அவசியத்துக்கன்றி வீட்டைவிட்டு வெளியே வர எவருக்கும் அனுமதியே இல்லாத அக்காலத்தில் அவ்வறிவிப்பு யாருக்காகச் செய்யப்பட்டது என்று பேக்கரி மாஸ்டரின் மனைவிக்கு விளங்கவில்லை.

அவள் பேக்கரியின் பின்முற்றத்தில் கைகளைத் தலைக்குமேல் தூக்கி நின்றிருந்தாள். அவளுக்கு இடப்புறம் அவள் கொழுந்தன் நின்றான். இருவருக்கும் எதிரே, கரண்டியைப் பிரம்புபோல் பிடித்தபடி, மாஸ்டர் நின்றார்.

“மூச்சை இழு. நிறுத்து. நான் சொல்றப்போதான் விடணும்.”

“எப்பண்ணா சொல்வீங்க? உள்ள இருக்கிற ரொட்டி கருகினப்புறமா?” என்று கேட்டான் தம்பி. கேட்டதில் மூச்சு வெளியேறிவிட்டது. கூடவே இருமலும் வந்தது.

“பாத்தியா? சொல்றதுக்கு முன்னாடி விட்டா இப்படித்தான். மறுபடியும் இழு.”

“என்னங்க, எனக்குக் கை கடுக்குது,” என்றாள் அவள்.

“கடுக்கட்டும். கடுத்தாதான் உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

நோய் பரவத் தொடங்கியதுமுதல் உடல்நலம் பற்றியும் மனநலம் பற்றியும் காதில் விழுந்த அறிவுரை ஒன்றையும் மாஸ்டர் தரையில் விட்டதில்லை. எழுந்தவுடன் உப்பிட்ட வெந்நீரில் வாய் கொப்பளிப்பு. பிறகு ஆவி பிடித்தல். அதன்பின் மூச்சுப் பயிற்சி. மாவில் கைவைக்குமுன்னும் வைத்த பின்னும் முழங்கை வரைக்கும் சோப்பு. மனம் சோர்ந்தால் உடம்பும் சோரும் என்று யாரோ ஒரு மருத்துவர் கூறக் கேட்டதிலிருந்து, மாலைதோறும் தேநீர் வேளையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு நகைச்சுவை கூறியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. எவரும் சிரிக்காவிடினும் மாஸ்டர் கடமை தவறாது சிரிப்பார்.

தம்பியைத் தெருவினர் ‘பன்னு’ என்றே அழைத்தனர். அவனது உப்பிய கன்னங்களைக் கண்டு எந்தக் குழந்தையோ வைத்த பெயர் அது. முன்பெல்லாம் விடியலில் மிதிவண்டியின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வீடுவீடாக ரொட்டி கொடுத்து வருவது அவன் வேலை. ரொட்டி தீர்ந்த பின்பும் அவன் பேச்சு தீராது. எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டாள், எந்த வீட்டுப் பூனை குட்டி போட்டது என்பதையெல்லாம் கொண்டுவந்து, அண்ணியின் முன் கொட்டினால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். நோய் வந்ததும் மாஸ்டர் அந்த மிதிவண்டியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிட்டார். “ஊர் மூச்சையெல்லாம் வாங்கிட்டு வீட்டுக்கு வராதே,” என்பது அவர் கட்டளை. வாங்குவோர் கடைக்கே வரட்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. பன்னு மாவு பிசையவும் உருட்டவும் உள்ளே அனுப்பப்பட்டான்.

உள்ளே என்பது மாவறை.

பிசைந்த மாவு உப்பிப் பொங்குவதற்கென்றே கட்டப்பட்ட அறை அது. அடுப்பின் முதுகை ஒட்டியிருந்ததால் அதன் ஒரு சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். மரத்தொட்டிகளில் மாவை இட்டு ஈரத்துணி போர்த்தி வைப்பார்கள். அவ்வறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் மாஸ்டருடைய தந்தையார் காலத்திலேயே கோணிப்பை வைத்து ஆணியடித்து, இடுக்குகளில் மாவுப்பசையும் காகிதமும் ஒட்டி அடைக்கப்பட்டுவிட்டது. மாவுக்குக் காற்று ஆகாது. சிறிது காற்றுப் பட்டாலும் மேலே காய்ந்த தோல் கட்டிக்கொள்ளும். தோல் கட்டிய மாவு உப்பாது. உப்பாத மாவு அடுப்பில் வெடித்துக் கல்லாகும். ஆகையால் அவ்வறைக்குள் நுழைபவர் கதவைப் போதிய அளவுக்குமேல் திறக்கலாகாது. நுழைந்ததும் சாத்தவேண்டும். அக்குடும்பத்துக் குழந்தைகள் நடக்கக் கற்பதற்குமுன் அக்கதவைச் சாத்தக் கற்றனர்.

துணியைப் போர்த்தியவுடன் மாஸ்டர், “மணி?” என்று கேட்பார். அருகில் இருப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்லவேண்டும். சொன்ன நேரத்திலிருந்துதான் மாவின் கணக்குத் தொடங்கும். தந்தையார் கேட்டு மாஸ்டர் சொன்னார். பிறகு மாஸ்டர் கேட்கப் பன்னு சொன்னான். அடுப்பங்கரையில் அக்கேள்வி எழுந்தால், பன்னு எங்கிருந்தாலும் குரல் கொடுத்துவிடுவான்.

அன்று முற்பகலில் சுகாதாரத் துறையைச் சேர்ந்த செவிலிப் பெண் கடைவாசலுக்கு வந்தாள். முகத்தை மறைத்த கவசத்திற்குமேல் அவள் கண்கள் மட்டுமே தெரிந்தன. அவை உறக்கம் கண்டு பல நாள் ஆனவைபோல் இருந்தன. வீடுதோறும் நலம் விசாரிப்பது அவள் பணி.

“காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி?”

“கிடையாது,” என்றார் மாஸ்டர். தேர்வுக்கு முழுதும் படித்துவிட்டுச் சென்ற மாணவனின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

“கை கழுவுறீங்களா?”

“தோல் உரியிற வரைக்கும்.”

“உடற்பயிற்சி?”

“கேளுங்க, இவங்களை. கரண்டி வெச்சு எண்ணிட்டு இருக்கேன்.”

“காத்தோட்டம் எப்படி? ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சிருக்கீங்களா?”

மாஸ்டர் கடைமுகப்பைச் சுட்டிக்காட்டினார். “இதைவிட என்னம்மா திறக்கிறது? ஷட்டர் முழுசும் மேலே.”

“மாவறை ஜன்னல் அடைச்சிருக்கு,” என்றாள் அவர் மனைவி, கல்லாவுக்குப் பின்னாலிருந்து. “தம்பி அங்கேதான் நாள் முழுசும் இருக்கான். படுக்கிறதும் அங்கேதான்.”

மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு தட்டு ரொட்டி வெந்திருக்கும்.

“அது மாவுக்கான ரூம்மா,” என்று செவிலியிடம் விளக்கினார். “அங்க காத்து விட்டா இந்தத் தெருவுக்கு ரொட்டி இல்ல. உங்க ஆஸ்பத்திரிக்கே பன்னு இல்ல. தனி வார்டுல இருக்கிறவங்களுக்குக் காலைல போறது நம்ம கடை பன்னுதான், தெரியுமில்ல?”

“தெரியும் சார். நானே தின்னிருக்கேன். ஆனாலும் கொஞ்ச நேரமாவது திறந்து வைங்க. மூடின ரூம்லதான் இது சுலபமா பரவுது.” அவள் உட்புறம் திரும்பினாள். “நீங்க எப்படி இருக்கீங்க? மனசு எப்படி இருக்கு? தூக்கம் வருதா?”

கதவிடுக்கில் நின்றிருந்த பன்னு சிரித்தான். “மனசா? அதை அண்ணன்கிட்ட கேளுங்க. என் உடம்பு, மனசு ரெண்டும் அவர் பொறுப்பு. சாயங்காலமானா ஜோக்குகூட வாங்கிக்கிறாரு.” சிரிப்பு இருமலில் முடிந்தது.

செவிலி ஓரடி பின்வாங்கினாள். “இந்த இருமல்?”

“மாவு இருமல்,” என்றார் மாஸ்டர். “எங்கப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கும் இருக்கு. இதோ.” தாமும் இருமிக் காட்டினார். “மாவு மூக்குல ஏறும், இருமல் வரும். பேக்கரிக்காரன் இருமலைப் பாத்துப் பயந்தா, கொல்லன் கையில கரியைப் பாத்தும் பயப்படணும்.”

அவள் அறிவுறுத்தல்களைச் சொல்லிவிட்டு, தன் கைபேசி எண்ணை மாஸ்டர் மனைவியிடம் கொடுத்துச் சென்றாள். சென்றதும் மாஸ்டர் கேட்டார்:

“ஊர்ல இருக்கிறவங்க முன்னாடி வீட்டு ஜன்னலைப் பத்திப் பேசணுமா?”

“அவங்க கேட்டாங்க. நான் சொன்னேன்.”

“கேட்டா எல்லாம் சொல்லிருவியா? பெரிய சத்தியவதி.”

மாவு இருமலை அவளும் அறிவாள். அவ்வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாள்முதல் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அது மாவுச் சல்லடை ஆடத் தொடங்கும்போது தும்மலுடன் வரும். வேலை முடிந்து முகம் கழுவியதும் ஓயும். ஓய்வு நாளில், அடுப்பு குளிர்ந்து கிடக்கும்போது, அது எட்டிப் பார்ப்பதே இல்லை. அவ்வாரத்து ஓய்வு நாளன்று அவள் செவியைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். வீட்டில் ஒரு சிட்டிகை மாவும் பறக்கவில்லை. மாவறையிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தும்மல் இல்லாத, வறண்ட, அடிவயிற்றிலிருந்து பிடுங்கிவரும் இருமல்.

கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள். ஈரமும் ஈஸ்ட்டின் புளித்த மணமும் முகத்தில் அப்பின. பன்னு சூட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தான். கன்னங்களில் அந்த உப்பல் இல்லை.

“நேத்து வெச்ச கஞ்சியும் அப்படியே இருக்கே தம்பி.”

“வாய்க்கு ருசியில்ல அண்ணி. உங்க கைப்பக்குவம் குறைஞ்சு போச்சு.”

“என் கைப்பக்குவத்தை அப்புறம் திட்டலாம். ரெண்டு வாய் குடி.”

அவன் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். “வெளிய எப்படி அண்ணி இருக்கு? டைப்பிஸ்ட் அம்மா வந்தாங்களா? அந்த மஞ்சள் வீட்டுப் பூனை?”

“பூனையா ரொட்டி வாங்க வரும்?”

“வரும். அதுக்கு நான் முனை பிச்சுப் போடுவேன்.”

அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டினுள் அடைபட்ட புதிதில் அவன் பன்னுக்காக மாவை உருட்டும்போது, ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு பெயர் வைப்பான். இது டைப்பிஸ்ட் அம்மா, இது எதிர்வீட்டுத் தையல்காரர், இது மாடியில் இருக்கும் ஊமைத் தாத்தா, கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது, மன்னிக்கவேண்டும் தாத்தா என்று பேசிக்கொண்டே தட்டை நிரப்புவான். மாஸ்டர் கூட அதைக் கேட்டு நிஜமாகவே சிரித்ததுண்டு. சில நாட்களாக மாவறையிலிருந்து பெயர் எதுவும் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்குக் காய்ச்சல் அடிக்குதா?”

“இந்த ரூம்ல யாரைத் தொட்டாலும் சுடும் அண்ணி.”

“விளையாடாதே.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “சொன்னா என்ன ஆகும்? என்னைக் கொண்டுபோவாங்க. கடைக்கு சீல் வைப்பாங்க. அண்ணன் என்ன பண்ணுவாரு? பாத்திருக்கீங்கல்ல, ஒருநாள் லீவுலயே கூண்டுல போட்ட மாதிரி நடக்கிறாரு. மாவு இல்லாத அண்ணனை நினைச்சுப் பாக்க முடியுதா உங்களால?”

“நீ இல்லாம இந்த வீட்டை நினைச்சுப் பாக்க முடியுமா?”

“நான் எங்க போகப்போறேன்? எனக்குத்தான் சைக்கிளைப் பூட்டியாச்சே.”

அன்று சாப்பிடும்போது அவள் கணவரிடம் பேச்சை எடுத்தாள்.

“இன்னிக்கு அடுப்பு எரியல. மாவு பறக்கல. அப்புறம் இருமல் எங்கிருந்து வருது?”

“நெஞ்சுல தங்கின மாவு. மெதுவாத்தான் வெளிய வரும்.”

“டாக்டர்கிட்ட காட்டலாங்க.”

“காட்டி? இல்லாத நோயை அங்க போய் வாங்கிட்டு வரவா? அவனுக்குக் கதகதப்பு இருக்கு, ஆவி இருக்கு, வேளைக்குச் சோறு இருக்கு. ஆஸ்பத்திரில தரையில படுத்திருக்காங்களாம்.”

“ஜன்னலையாவது திறங்க.”

“உனக்கு அந்த ஜன்னல் மேல என்ன பகை?”

“உங்களுக்குத் தம்பி மேல என்ன பகை?”

மாஸ்டர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு மிகவும் நிதானமாகக் கூறினார்: “அவனை நடக்கப் பழக்கினவன் நான். அவன் மூக்கைச் சிந்தித் துடைச்சது இந்தக் கைதான். பகைன்னு சொன்னியே, அதை வாயிலிருந்து எடுத்திரு.”

அவள் அதை எடுக்கவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அதற்கடுத்த விடியலில் அவள் துணிந்தாள். மாஸ்டர் விறகு அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், மாவு வெட்டும் இரும்புத் தகட்டை எடுத்துச் சென்று, ஜன்னலின் கோணியை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். காய்ந்த பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பல ஆண்டு காலத் தூசிக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளும், அவற்றுக்கு அப்பால் சந்தும், வெளுத்துவரும் வானமும் தெரிந்தன. மெல்லிய காற்று உள்ளே வந்தது. பன்னு படுக்கையிலிருந்து எழுந்துவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது.

“சந்துல யாரோ துணி காயப் போட்டிருக்காங்க அண்ணி,” என்றான், கடலைக் கண்டவன்போல.

அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. மருத்துவமனைக்கான பன்னு மாவு தொட்டிகளில் இருந்தது. இரவு முழுதும் ஈரத்தில் ஊறிய துணிகள் காற்றில் காய்ந்துபோக, மாவின்மேல் வெள்ளைத் தோல் படர்ந்தது. தட்டுகள் அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது பன்களின் தலைகள் வெடித்திருந்தன. மாஸ்டர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். கல்லைத் தட்டிய ஓசை கேட்டது.

“யார் திறந்தது?”

“நான்தான்,” என்றாள் அவள்.

“படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குப் போறது இது. பல்லு போனவங்க இருப்பாங்க. முழுங்க முடியாதவங்க இருப்பாங்க. அவங்க வாயில இந்தக் கல்லை வைக்கச் சொல்றியா?”

“அவங்க உயிர் உங்களுக்குத் தெரியுது. உள்ள இருக்கிற உயிர் தெரியலையா?”

கடைவாசலில் ரொட்டிக்குக் காத்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரர், “என்ன மாஸ்டர், இன்னிக்குப் பன்னா, படிக்கல்லா?” என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மாஸ்டரின் முகம் சுண்டியது. அவர் கைப்பட்ட பண்டத்தை அதுவரை ஒருவரும் குறை கூறியதில்லை.

அவர் உள்ளே சென்று, ஒரு பழைய தட்டுப் பலகையை எடுத்து, ஜன்னலின்மேல் வைத்து ஆணியடித்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். இருவருக்கும் நடுவே பன்னு வந்து நின்றான்.

“விடுங்க அண்ணி. நான் ஒருத்தன் இருமுறதுக்காக அத்தனை பேரு கல்லைக் கடிக்கணுமா?”

“நீயும் அவரோட சேர்ந்துக்கோ.”

“அண்ணா, அந்த ஓரத்துல ஆணி சரியா இறங்கல பாருங்க,” என்று சுட்டிக்காட்டினான் பன்னு. பிறகு சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்தான். புது மாவு பிசைந்து துணி போர்த்தப்பட்டது. “மணி?” என்று கேட்டார் மாஸ்டர். பன்னு கடிகாரத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூச்சு போதவில்லை. ஓசை வரவில்லை.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கேள்வி கேட்டு விடை வராதது அதுவே முதல் தடவை. அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். உதடுகளின் நிறத்தைப் பார்த்தார். கையிலிருந்த மாவு வெட்டும் தகடு கீழே விழுந்தது. அவர் மனைவி அதற்குள் செவிலியின் எண்ணை அழைத்துவிட்டாள்.

வந்தவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்திருந்தனர். மாவறைக்குள் நுழைந்த ஒருவன், “இங்கேயா படுக்க வெச்சிருந்தீங்க?” என்று கேட்டான். அவன் அங்கிருந்த கம்பியை எடுத்துப் பலகையை நெம்பிப் பிடுங்கி எறிந்தான். மாஸ்டர் தடுக்கவில்லை. பன்னுவைத் தள்ளுபடுக்கையில் கிடத்தி, மூக்கிலும் வாயிலும் குழாய்க் கவசம் பொருத்தி வெளியே கொண்டு சென்றனர். வாசலைத் தாண்டும்போது அவன் அக்கவசத்தைச் சற்று விலக்கினான். அண்ணனைத்தான் பார்த்தான்.

“அண்ணா, ஜன்னலைச் சாத்திருங்க. மாவு தோல் கட்டிரும்.”

வெகுநாள் கழித்துத் தெருவைக் கண்ட அவன் கண்கள், வண்டியின் கதவு சாத்தப்படும்வரை, இடமும் வலமும் அலைந்துகொண்டிருந்தன. தையல்காரர் தம் வீட்டு ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டதை மாஸ்டர் மனைவி கண்டாள்.

பேக்கரியின் கடைமுகப்புக்கு முத்திரை வைக்கப்பட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் நோய் கண்டிருப்பதாகச் சோதனை கூறியது. லேசான காய்ச்சலோடு அது நின்றது. ஆனால் வீட்டைவிட்டு நகரக் கூடாது. மருத்துவமனைக்குச் செல்வது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. தொட்டிகளில் விடப்பட்ட மாவு பொங்கி வழிந்து, தரையில் பரவி, பின்னர் அமுங்கிப் புளித்து நாறியது. அவள் அதை வாரி வெளியேற்றித் தரையைக் கழுவினாள். ஜன்னல் திறந்தே கிடந்தது. அதன் வழியே காற்று தாராளமாக வந்தது. அவ்வறையில் மூச்சுவிட எவரும் இல்லை.

மாஸ்டர் மூச்சுப் பயிற்சியை நிறுத்தினார். வாய் கொப்பளிப்பதையும் நிறுத்தினார். அடுப்பின் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, குளிர்ந்த சாம்பலைப் பார்த்து அமர்ந்துவிட்டார். சோற்றை முன்னால் வைத்தால் அது ஆறிப்போகும். எடுத்துச் சென்றால் எடுத்தது தெரியாது. மூன்று முறை அழைத்தால் ஒருமுறை தலை நிமிரும். மாலைத் தேநீர் வேளையில் ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், “ஏதாவது பேசுங்க. ஜோக்கு சொல்லணும்னு சட்டம் போட்டது நீங்கதானே,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார்.

“அவன் கேட்டிருந்தா திறந்திருப்பேன்,” என்றார்.

“அவன் கேக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் மறுபடியும் சாம்பலிடம் திரும்பிவிட்டார். கூறியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் அதைத் திரும்பப் பெறவும் இல்லை.

நாள்தோறும் செவிலி தொலைபேசியில் விசாரித்தாள். பன்னு அதே நிலையில் இருப்பதாகவும், இயந்திரத்தின் துணையோடு மூச்சு ஓடுவதாகவும், அதற்குமேல் தனக்கே தெரியாதென்றும் கூறினாள். பிறகு வழக்கமான கேள்விகளுக்கு வந்தாள்.

“சார் எப்படி இருக்காரு?”

“காய்ச்சல் இல்ல. ஆனா மனுஷனாவே இல்லம்மா. சாப்பிடல, தூங்கல. ராத்திரி எல்லாம் கண்ணைத் திறந்துட்டே கிடக்கிறாரு. பேசினா பதில் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. ஒருத்தனை அங்க குடுத்துட்டேன். இவரையும் இங்க குடுத்துருவேனோன்னு இருக்கு.”

“அவருக்குப் பிடிச்ச வேலை ஏதாவது கொஞ்சமா செய்ய வைங்கக்கா. கைக்கு வேலை இருந்தா மனசு அதைப் புடிச்சிட்டு மெதுவா மேல வரும். வற்புறுத்தாதீங்க. பக்கத்துல வெச்சிட்டுப் பேசாம இருங்க.”

பேக்கரிக்காரனுக்குப் பிடித்த வேலை எதுவென்று அவள் யோசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருநாள் முழுதும் தயங்கினாள். மாவு என்ற அந்தப் பொருளை அவள் மனம் அவ்வளவு வெறுத்தது. மறுநாள் மதியச் சாப்பாடு தீண்டப்படாமல் திரும்பி வந்ததும், சமையலறை டப்பாவின் அடியில் கிடந்த மாவை வழித்தெடுத்தாள். இருவருக்கு ஒரு ரொட்டி ஆகும் அளவே இருந்தது. உப்பும் ஈஸ்ட்டும் வெந்நீரும் சேர்த்து, பலகையை அவர் முக்காலியின் முன் வைத்து, அவளே பிசையத் தொடங்கினாள். வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பிசைந்தாள்.

நெடுநேரம் அவர் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். மாவு அவள் விரல்களில் சேறுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணி அதிகம்,” என்றார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியா? எனக்கென்ன தெரியும்?”

“தள்ளு.”

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துச் சமாளித்தார். கை கழுவினார், முழங்கை வரைக்கும். பலகையின் முன் அமர்ந்து, உள்ளங்கையின் அடியால் மாவைத் தள்ளினார், மடித்தார், திருப்பினார், தள்ளினார். செவிலி சொன்னபடியே அவள் பேசாதிருந்தாள். மாவு சேறாக இருந்தது பதமாகி, பதமாக இருந்தது பட்டாகி, அவர் கையைவிட்டுத் தானே பிரிந்து வந்தது. அவருடைய கழுத்து நரம்புகள் தளர்ந்ததை அவள் கண்டாள். அவர் கன்னத்தில் வழிந்தது வேர்வையாகவும் இருக்கலாம்.

உருண்டையைக் கிண்ணத்தில் இட்டு, எடுத்துக்கொண்டு மாவறைக்குச் சென்றார். அத்தனை நாளும் அவர் எட்டிப் பாராத அறை அது. அவள் பின்னால் சென்றாள். பன்னுவின் பாய் சுருட்டப்பட்டு மூலையில் நின்றது. கொடியில் அவன் சட்டை காற்றில் ஆடியது. மாஸ்டர் அவ்விரண்டையும் பார்த்துவிட்டு, கிண்ணத்தைப் பலகைமேல் வைத்து, ஈரத்துணியைப் போர்த்தினார். வெளியே வெயிலோடு கூடிய காற்று வீசிக்கொண்டிருந்தது. துணியின் ஓரம் ஒருமுறை தூக்கி அடங்கியது.

“அந்த ஜன்னலைச் சாத்து,” என்றார்.

கட்டளைபோல் அது ஒலிக்கவில்லை. பசிக்கிறது என்று ஒரு குழந்தை கூறுவதுபோல் ஒலித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் தாமாகக் கேட்ட முதல் உதவி அது. அவள் மகிழ்ச்சி அடைந்தாள். அதை அவள் பிற்பாடு எவரிடமும் கூறியதில்லை. ஆனால் உண்மையாகவே மகிழ்ந்தாள். மனிதர் மீண்டு வருகிறார் என்று எண்ணினாள். கீழே கிடந்த பலகையைத் தன் கையாலேயே எடுத்து, ஜன்னலில் பொருத்தி, பழைய ஆணித் துளைகளில் ஆணிகள் இறங்கும்வரை உள்ளங்கையால் அழுத்தினாள். ஓர் ஓரத்தில் ஆணி சரியாக இறங்கவில்லை. அதையும் கல்லால் தட்டி இறக்கினாள். அறை இருண்டது. காற்று நின்றது. கொடியில் சட்டை அசையாது தொங்கியது.

“மணி?” என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

மாவு நன்றாக உப்பியது. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் துணியைத் தூக்கிப் பிடித்தது. வீட்டு அடுப்பில் சுட்டெடுத்தபோது, குறை சொல்ல இடமின்றிச் சிவந்திருந்தது. அவர் பிய்த்து ஒரு துண்டை அவளிடம் கொடுத்தார். தாமும் ஒரு துண்டை வாயில் இட்டார். மென்று விழுங்கினார். அவள் அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. இருவருக்கும் கேட்கும்படி அதை மேசைமேல் வைத்தாள். பேசியவர் மருத்துவமனையைச் சேர்ந்த ஓர் ஆண். அவர் முதலில் உறவைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, தம்மால் இயன்ற அனைத்தையும் செய்ததாகக் கூறினார். உடலை வீட்டுக்குத் தர விதியில்லை என்றும், அடக்கத்தைத் தாங்களே செய்துவிடுவதாகவும் கூறினார். வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா என்றார்.

அவள் வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாஸ்டர் மேசையின்மேல் குனிந்தார்.

“மணி?” என்றார்.

“என்ன சார் கேட்டீங்க?”

“மணி. எத்தனை மணிக்கு?”

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“மத்தியானம் மூணு இருபதுங்க,” என்றது அக்குரல்.

அவள்தான் அன்று அதே நேரத்தை, அந்த இருட்டறையில், உரக்கச் சொல்லியிருந்தாள்: மூன்று மணி இருபது நிமிடம்.